கைமாற்றுக் குழுவும் காணாமற்போன புகார்களும்

எங்கள் வீட்டு வாசலுக்குக் கடல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

"கடல்" என்று நான் சொன்னால் என் மனைவி அதை "சாக்கடைத் தேக்கம், கணுக்கால் அளவு" என்று திருத்துவாள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். நான் எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். அதோடு விட்டாளா? என் நண்பர்களுக்கும் அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

நான் நகராட்சித் தபால் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் எவர் எதைப் பற்றிப் புகார் எழுதினாலும் அது என் மேசையில் ஒரு முத்திரை வாங்காமல் அடுத்த அறைக்குப் போக முடியாது. ஒரு கோடிப் புகார் படித்திருப்பேன். அழுத புகார், மிரட்டிய புகார், நான்கு பக்கம் குடும்ப வரலாறு சொல்லிவிட்டுக் கடைசி வரியில் "ஆகவே குழாயை மாற்றவும்" என்று முடியும் புகார். எனவே ஒரு நல்ல புகார் எப்படி இருக்கவேண்டும் என்பதில் எனக்கென்று சில கொள்கைகள் உண்டு.

இப்போது காகிதம் கிடையாது. நகராட்சியின் புகார்ப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து, தெருவைத் தேர்ந்து, கட்டத்துக்குள் குறையை எழுதி அனுப்பினால் ஒரு எண் வரும். எண் வந்துவிட்டால் ஆள் வருவது நிச்சயம். நான் உட்கார்ந்து நிதானமாக எழுதினேன்:

"மாண்புமிகு நகராட்சியே! என் வாசலில் ஓடுவது சாக்கடையா, சமுத்திரமா? இன்று காலை அதில் அலை அடித்ததை நானே பார்த்தேன். நேற்று ஒரு நாய் நீந்திக் கரையேறியது. நாளை கப்பல் வந்தால் நங்கூரம் போட இடம் காட்டுவது யார்? உங்கள் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு உழைத்தவனுக்கு வந்த சோதனையைப் பாரீர்!"

"நன்றி. பெற்றுக்கொண்டோம்" என்றது பக்கம். எண் தரவில்லை.

எதிர்வீட்டுத் தையற்காரர் தன் வாசலிலிருந்தே கேட்டார், "என்ன சார், அனுப்பிட்டீங்களா?" கேட்டுக்கொண்டே தன் கைபேசியில் இரண்டு வார்த்தை தட்டினார்: சாக்கடை அடைப்பு. உடனே அவருக்கு எண் வந்தது. மறுநாள் காலை கம்பியோடு இரண்டு பேர் வந்து அவர் பக்கத்து அடைப்பை எடுத்துவிட்டுப் போனார்கள். "எங்ககிட்ட இருக்கற எண்ணுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் சார்" என்று எனக்கு மரியாதையாக விளக்கமும் சொன்னார்கள்.

நான் மேலும் ஆறு புகார் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட உருக்கம்; முடிவு வரியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. ஏழாவதைப் படித்து நானே கண் துடைத்துக்கொண்டேன். ஏழுக்கும் நன்றி வந்தது. ஒன்றுக்கும் எண் வரவில்லை.

"அவங்களுக்கு உங்க எழுத்து புரிஞ்சிருக்காது" என்றாள் மனைவி.

"அதெப்படிப் புரியாமப் போகும்?"

"புரிஞ்சிருந்தா இன்னும் மோசம்."

அந்தப் பக்கத்தைச் செய்தவள் எனக்கு அந்நியமில்லை. எங்கள் கைமாற்றுக் குழுவைச் சேர்ந்தவள். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை கூட்டம் இருந்தது. நாலு பேர் முன்னால் கேட்டால்தானே ருசி!

கைமாற்றுக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பக்கத்துப் பக்கத்து ஊர் நகராட்சிகளில் கணினி, வரைபடம், செயலி, படிவம் என்று மக்களுக்காக எதையாவது புதிதாகச் செய்துகொண்டிருக்கும் ஆட்களின் கூட்டம் அது. ஒவ்வோர் அலுவலகத்திலும் இப்படிப்பட்டவர் ஒருவர் அல்லது இருவர்தான் இருப்பார்கள். அவர்கள் செய்வது அங்கே வேறு யாருக்கும் புரியாது. "ஏதோ கம்ப்யூட்டர்ல பண்றாங்க" என்பதோடு சரி. தனியாக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு நூலகத்து மாடி அறையில் கூட ஆரம்பித்தார்கள். ஓர் ஊரில் செய்ததை இன்னோர் ஊர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. அதனால்தான் கைமாற்று என்று பெயர். என்னைச் சேர்த்துக்கொண்டது, காகிதக் காலத்தில் மக்கள் எப்படியெல்லாம் எழுதினார்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. பிஸ்கட்டுக்காக நான் தொடர்ந்து போகிறேன் என்பது வதந்தி.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. நான் தபால் சார். புகார்ப் பக்கம் செய்தவள் பட்டன். "ஒரே பட்டன்ல முடியணும்" என்று வாய்க்கு வாய் சொல்வாள். நாற்பதைத் தொடப்போகிற பெண், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேசைக்கடியில் தேடுவாள். அடுத்த ஊரில் பேருந்து நேரப் பலகை வைத்தவர் பஸ்காரர். குப்பை வண்டிகளைக் கண்காணிப்பவர் குப்பையண்ணன். நல்ல வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வருவார். சுகாதார நிலையங்களை வரைபடத்தில் ஏற்றியவர் எல்லாருக்கும் அக்கா.

குழுவுக்கு ஒரு முறை உண்டு. கூட்டம் சறுக்கல் சுற்றோடுதான் தொடங்கும். ஒவ்வொருவரும் அந்த மாதம் தாம் சறுக்கியதைச் சொல்லவேண்டும். கேட்பவர்கள் "பரவாயில்லை" என்று சொல்லக்கூடாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம்: "இதை யார் யாருக்குக் கொடுத்தே?" ஏனென்றால் கைமாற்றில் சரக்கோடு சறுக்கலும் சேர்ந்து கைமாறியிருக்கும்.

அந்தச் சனிக்கிழமை பட்டனுக்குச் சறுக்கல் சொல்லப் பொறுமையில்லை. உட்காராமலே பேசினாள்.

"வர்ற புதன்கிழமை கமிட்டி. ஆறு வருஷமா ஒப்பந்தத்துல ஓட்டறேன். எங்க பிரிவுல நாங்க மூணு பேரு. இருக்கணுமா, கலைக்கணுமான்னு அன்னிக்கு முடிவு பண்றாங்க."

"என்ன காட்டப்போறே?" என்றார் பஸ்காரர்.

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கோடு மலைமேலிருந்து இறங்கும் பாதைபோல அழகாகக் கீழே வந்தது. "புதுப் பக்கம் வர்றதுக்கு முன்னாடி மாசம் ஐந்நூத்தி நாப்பது புகார். இப்போ முந்நூத்தி அறுபது. மூணுல ஒண்ணு குறைஞ்சிருக்கு. ரெண்டு வருஷத்துல!"

"தங்கச்சி, இது போதும். நாற்காலியோட சேத்து உன்னை நிரந்தரம் பண்ணிடுவாங்க" என்றார் குப்பையண்ணன்.

என் முறை வந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். "இந்த ஊரில் புகார்கள் கடத்தப்படுகின்றன" என்று ஆரம்பித்தேன். "லட்சக்கணக்கில். பட்டப்பகலில்."

"பத்தால வகு" என்றார் பஸ்காரர்.

"எத்தனை சார் நிஜமா?" என்றாள் பட்டன்.

"ஏழு."

"வகுத்தா ஒண்ணுகூட வரலையே!" குப்பையண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கைபேசியை நீட்டினேன். ஏழு நன்றிகள் வரிசையாக இருந்தன. அக்கா மட்டும் வாங்கிப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தியதும் அவர்தான்.

"இவருக்கு நன்றி வந்திருக்கு, எண் வரல. பட்டன், எண் இல்லாம நன்றி எப்படிப் போகும்?"

"போகாதுக்கா. ரெண்டும் சேர்ந்தேதான் போகும்."

"போயிருக்கே."

"சார் எதையாவது தப்பா அமுக்கியிருப்பார்."

"ஏழு தடவையுமா? சரி, இங்கயே அனுப்பிப் பாக்கலாம்."

நான்கு பேரும் தங்கள் கைபேசியில் என் தெருவைத் தேர்ந்து "சாக்கடை அடைப்பு" என்று தட்டினார்கள். நான்கு எண் வந்தது. பிறகு என் புகாரை வெட்டி ஒட்டி அனுப்பினார்கள். நான்கு நன்றி, எண் பூஜ்யம்.

"நீளமா இருக்கறதாலயா?" என்று பஸ்காரர் கேட்க, பட்டன் தலையாட்டினாள். "நாலு பக்கம்கூட வாங்கும்."

அக்கா வெள்ளைப் பலகையில் என் புகாரை முழுக்க எழுதினார். அதன்பின் நடந்ததை ஒரு படைப்பாளி பார்க்கக்கூடாது. ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துவிட்டு மீதியை அனுப்பிப் பார்த்தார்கள். முதலில் சமுத்திரம் போனது. எண் வரவில்லை. அலை போனது. எண் வரவில்லை.

"நாயை எடுத்துடலாம்" என்றார் குப்பையண்ணன்.

"ஐயா, நாயை எடுத்தா அந்தப் புகார்ல உயிரே இல்ல!"

"ஒரு நிமிஷம்தான் சார், திருப்பி வச்சிடறோம்."

நாயும் போனது, கப்பலும் போனது. கடைசி வாக்கியம் மட்டும் நின்றது. அக்கா அதையும் சொல் சொல்லாக அழித்துக்கொண்டே போனார். பலகையில் இரண்டு சொற்கள் மிஞ்சின. அவற்றை மட்டும் அனுப்பினார். நன்றி வந்தது, எண் வரவில்லை. முதல் சொல்லையும் அழித்தார்.

பாரீர்.

எண் வந்துவிட்டது.

எல்லாரும் அழித்த இடத்தைப் பார்த்தோம். அங்கே மங்கலாக இன்னும் தெரிந்தது: சோதனையை.

பட்டன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். தலைமேலிருந்த கண்ணாடி மடியில் விழுந்தது. அதை எடுக்கவில்லை.

"அது நான் போட்ட விதி" என்றாள்.

பக்கம் தொடங்கிய புதிதில், வேலை செய்கிறதா என்று பார்க்க அலுவலக ஆட்கள் ஆளுக்கொரு பொய்ப் புகார் அனுப்புவார்களாம். அது கணக்கில் சேரக்கூடாது என்று அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். "சோதனை" என்று எழுதி அனுப்புங்கள். அந்தச் சொல் இருந்தால் எண் தராமல், நன்றி மட்டும் சொல்லி, தனிப் பெட்டியில் போட்டுவிடும். சின்ன விதி. ஒரே வரி. எழுதிய அன்றே மறந்துவிட்டாள்.

"சோதனைன்னா எங்களுக்கு டெஸ்ட் சார். எனக்கு வேற அர்த்தம் தோணவே இல்ல. ஊரே 'என்ன சோதனை இது'ன்னு தலையில அடிச்சுக்குதே, எங்கம்மா நாளைக்குப் பத்து தடவை சொல்லுவாங்களே, எனக்கு..."

"பெட்டியைத் திறந்தே பாக்கலையா?" என்றேன்.

"நிறையுதுன்னு தெரியும். ஆபீஸ் ஆளுங்க நல்லா சோதிச்சுப் பாக்கறாங்கன்னு சந்தோஷப்பட்டேன் சார்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை. முறை முறைதான். அக்கா மெதுவாகக் கேட்டார்: "இதை யார் யாருக்குக் கொடுத்தே?"

"உங்களுக்குக் கொடுத்தேன். பஸ்காரருக்குக் கொடுத்தேன்."

"நான் பஸ்காரர்கிட்ட வாங்கினேன்" என்றார் குப்பையண்ணன், தப்பு செய்த பள்ளிப் பிள்ளைபோல.

பஸ்காரர் முகத்தில் ஏதோ மெதுவாக விடிந்தது. "எங்க ஊர்ல டிக்கெட் பரிசோதனை பத்தி ரெண்டு வருஷமா ஒரு புகார்கூட இல்ல. பரிசோதனைக்குள்ள சோதனை இருக்கே! போன மாசம்தான் எல்லாப் பரிசோதகருக்கும் மேடை போட்டு நற்சான்றிதழ் கொடுத்தோம். 'பயணிகளிடம் தேன் போலப் பழகியமைக்காக'ன்னு. அந்த வாசகம் நான் எழுதினதுங்க!"

"எங்க சுகாதார நிலையத்துல ரத்தப் பரிசோதனைக்கூடம்" என்றார் அக்கா. கைபேசியை எடுத்துத் தன் ஊர்ப் பெட்டியைத் தேட ஆரம்பித்தார்.

பட்டன் பெட்டியைத் திறந்தாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு புகார்கள். தயவுசெய்து இதைப் பத்தால் வகுக்க வேண்டாம். திரையில் நானே பார்த்தேன். இருபத்து நான்கு மாதத்தால்தான் வகுக்கவேண்டும். குப்பையண்ணன் வகுத்தார். மாதம் ஏறக்குறைய நூற்றியெண்பது. முந்நூற்று அறுபதோடு நூற்றியெண்பதைக் கூட்டினால் பழைய ஐந்நூற்று நாற்பது. ஊரில் ஒரு குறைகூடக் குறையவில்லை. அந்த அழகான மலைப்பாதை வெறும் சமதரை.

"புதன்கிழமை" என்றார் பஸ்காரர். எல்லார் மனதிலும் இருந்ததை அவர்தான் முதலில் எடுத்தார். "நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ. புதன் தாண்டட்டும். உன்னை நிரந்தரம் பண்ணட்டும். வியாழக்கிழமை காலையில சரி பண்ணிடு. ரெண்டு வருஷம் கிடந்தது இன்னும் நாலு நாள் கிடக்கட்டுமே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் அதைத்தான் நினைத்தேன். முப்பத்து நான்கு வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் வேறு எதை நினைப்பான்? அவளுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஆறு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் "அடுத்த வருஷம் இருப்பேனா சார்" என்று கேட்பாள். இந்தப் பிரிவு நிலைக்குமென்றால் ஒரு சாக்கடை என்ன, ஏழு கடலும் என் வாசலில் வந்து ஓடட்டும் என்று தோன்றியது.

பட்டன் மடிக்கணினிமேல் குனிந்தாள். பெட்டியில் கண்ணில் பட்ட ஒன்றைப் படித்தாள். முதலில் மனதுக்குள், பிறகு வாய்விட்டு.

"'எங்க அப்பாவுக்குக் கண்பார்வை குறைவு. தெருவிளக்கு எரியல. சாயங்காலம் ஆனா அவரைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வர நான் வேலையிலேர்ந்து ஓடி வரணும். இன்னும் எத்தனை நாள் இந்தச் சோதனை? உடனே சரி பண்ண முடியலன்னா பரவாயில்ல. படிச்சீங்கன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க.' பதினாலு மாசம் ஆச்சு இது வந்து."

மடிக்கணினியைச் சாத்தினாள். "இவங்களுக்கு இன்னும் நாலு நாளா?"

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்று மதியத்துக்குள் அந்த ஒரு வரி எங்கெங்கே போயிருக்கிறது என்று துரத்திப் பிடித்தோம். அக்கா யாருக்குக் கொடுத்தாரோ அவருக்குப் போன், அவர் யாருக்குக் கொடுத்தாரோ அவருக்கு ஒரு போன். பதினொரு ஊர். ஒருவர் தன் மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க, ஓரமாய் நின்று விதியை நீக்கிவிட்டுப் போனார். இன்னொருவர் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "எங்க ஊர் ஆளுங்க அப்படியெல்லாம் எழுத மாட்டாங்க" என்றார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார். "ஆயிரத்து இருநூறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை பட்டனின் அலுவலகத்தில் கூடினோம். மூன்று மேசை, ஒரு ஜன்னல், கதவை முழுசாகத் திறக்கவிடாத ஓர் அலமாரி. "வெளி ஆளுங்க ஊர்க்காரங்க எழுதினதைப் படிக்கலாமா?" என்று அக்கா வாசலிலேயே நின்றார். அதற்கும் வழி செய்திருந்தாள். பெயர், வீட்டு எண், தொலைபேசி எல்லாவற்றையும் மறைத்துக் குறையை மட்டும் எங்களுக்குத் தந்தாள். தன் மேலதிகாரிக்கும் காலையிலேயே சொல்லிவிட்டாளாம். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டாராம். பிறகு "புதன்கிழமை நீயே சொல்லிடு" என்று வைத்துவிட்டாராம். நாங்கள் படித்துப் பிரித்தோம்: தண்ணீர், விளக்கு, சாக்கடை, சாலை, இன்னமும் உயிரோடு இருக்கும் குறை, தானாகவே தீர்ந்திருக்கும் குறை. அவளும் அவள் பிரிவு ஆட்கள் இருவரும் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

என் மனைவியும் வந்துவிட்டாள். "நீங்க பிரிச்சா எல்லாம் 'பேரழிவு'ங்கற கட்டுக்குத்தான் போகும்" என்று எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அடடா, என்ன எழுத்து! என் காலத்துக் காகிதங்கள் தோற்றன. "குழாயில் காற்று வருகிறது. காற்றுக்கும் வரி கட்டுகிறோமா? சோதனையடா சாமி" என்று ஒருவர். "தண்ணீரைச் சோதனை செய்து பார்க்கவும், நாங்கள் குடித்துப் பார்த்துவிட்டோம்" என்று இன்னொருவர். ஒரு பெண் தன் தெருப் பள்ளத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடியிருந்தாள். நான் படித்துக் காட்டக் காட்ட அறையே குலுங்கியது. மனைவி சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் மட்டும் சிரிப்பில்லை. சுவருக்கு அப்பாலிருந்து பட்டனின் குரல் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: "ஆமாங்க, வந்துச்சுங்க. நாங்கதான் படிக்கல."

திங்கட்கிழமை என் வாசலுக்கு மூன்று லாரி வந்தது. சனிக்கிழமை குழுவில் அனுப்பிப் பார்த்ததில் என் தெருமீது மட்டும் ஐந்து எண் விழுந்திருந்தது. அவற்றை நீக்க எல்லாரும் மறந்துவிட்டோம். தையற்காரர் வாசலில் நின்று, "உங்களுக்கு மேலிடத்துல ஆள் இருக்கு சார்" என்றார். கடல் பத்து நிமிடத்தில் வற்றியது. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பதினான்கு மாதம் காத்திருந்தவருக்கு முன்னால் எனக்கா?

புதன்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி. பார்வையாளர் பெஞ்சில் யாரும் உட்காரும் வழக்கமில்லை. அன்று நானும் மனைவியும் சேர்த்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பஸ்காரர், அக்கா, குப்பையண்ணன் மூவரும் தத்தம் ஊரில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். குப்பையண்ணன் காரணம் "வயிற்றுவலி" என்று எழுதியிருந்தார்; கையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருந்தது.

மேசைக்குப் பின்னால் ஏழு பேர். நடுவில் தலைவரம்மா, மூக்குநுனியில் கண்ணாடி. பட்டன் எழுந்து மலைப்பாதைக் கோட்டைக் காட்டினாள். எல்லாரும் தலையசைத்தார்கள். "இது தப்புங்க" என்றாள். அடுத்து சமதரையைக் காட்டினாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். பெட்டியைச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை, நான் கேட்டு ஆச்சரியப்படும் அளவுக்கு மிகையே இல்லாமல் சொன்னாள்.

ஓர் உறுப்பினர் மேசையைத் தட்டினார். "அப்போ ரெண்டு வருஷமா எங்களுக்குப் பொய்க் கோடு காட்டினீங்களா?"

"ஆமாங்க. தெரியாம."

"தெரியாமங்கறது ஒரு பதிலா?"

"இல்லைங்க. ஆனா அதான் நடந்தது."

"பக்கத்து ஊர்லயும் இதே பக்கம்தானே?" என்றார் தலைவரம்மா.

"பதினொரு ஊருல இருந்துச்சு. சனிக்கிழமையே எடுத்தாச்சுங்க."

"யார் உத்தரவு?"

"உத்தரவு இல்லைங்க. எங்ககிட்ட வாங்கினவங்களுக்கு நாங்களே சொல்லிட்டோம்." எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்காரர் ஏனோ எழுந்து நின்று வணக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தலைவரம்மா தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன்மா. இன்னிக்கு உங்களுக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்து அனுப்பறதா இருந்தோம்."

"அனுப்பறதுன்னா?"

"புகாரே குறைஞ்சு போச்சே, அப்புறம் எதுக்குத் தனியா மூணு பேரு? பிரிவைக் கலைச்சுப் பூங்காப் பிரிவோட சேத்துடலாம்னு தீர்மானம் டைப் பண்ணியே வச்சிருந்தோம். உங்க கோடு அழகா இருந்ததால வந்த வினை."

பட்டன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி என் கையைப் பிடித்தாள். முப்பத்து நான்கு வருடம் அலுவலகத்தில் இருந்தவன் நான். வேலை குறைந்தால் ஆளைக் குறைப்பார்கள் என்ற பாலபாடம் எனக்கே உறைக்கவில்லை, பாருங்கள்!

தலைவரம்மா தாளை நான்காக மடித்தார். "நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு யார் பதில் சொல்றது? பூங்காப் பிரிவா?"

மேசை தட்டியவர் விடவில்லை. வாக்குவாதம் முக்கால் மணிநேரம் ஓடியது. கடைசியில் முடிவானது இது: நிரந்தரம் கிடையாது. பட்டனின் பணிப் பதிவேட்டில் ஒரு கண்டிப்புக் குறிப்பு. பிரிவு இன்னும் இரண்டு வருடம் இருக்கும். பெட்டியிலுள்ள அத்தனை பேருக்கும் ஆறு மாதத்துக்குள் பதில். நான்குக்கு மூன்று வாக்கில் தப்பித்தது.

வெளியே மாடிப்படியில் ஆளாளுக்குப் பேசினோம். குப்பையண்ணனுக்குப் பிரதேசமே அதிரும்படி சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. "ஒரு கண்டிப்புக் குறிப்புதானே தங்கச்சி! எனக்கு மூணு இருக்கு. ஒண்ணை வேணும்னா கைமாத்தாத் தர்றேன்." பஸ்காரர், பரிசோதகர்களிடமிருந்து அந்த நற்சான்றிதழ்களை எப்படித் திரும்பக் கேட்பது என்று அக்காவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். "தேன் போலங்கறதை மட்டும் அடிச்சுடலாமா?" என்றார். பொய்ப் புகாருக்கு "சோதனை"க்குப் பதிலாக என்ன சொல் வைத்தால் எந்தக் குடிமகனும் புகாரில் எழுதமாட்டான் என்று ஒரு விவாதம் கிளம்பியது. "திருப்தி" என்றேன் நான். யாரும் மறுக்கவில்லை.

அப்போது பட்டனின் கைபேசி அடித்தது. எடுத்தாள். எங்களுக்கே கேட்கும் அளவுக்கு ஒரு பெண்குரல் வெளுத்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை பேசியவர்களில் ஒருவர். அன்று அதிர்ச்சியில் திட்ட மறந்துவிட்டாராம், இப்போது நிதானமாக நினைவு வந்து கூப்பிட்டிருக்கிறார். குழாய், வரி, பிள்ளைகள், பள்ளத்தில் விழுந்த மாமியார், நகராட்சியின் ஏழு தலைமுறை என்று வரிசையாகப் போனது.

பட்டன் எங்களைப் பார்த்துப் போங்கள் என்று கைகாட்டினாள். யாரும் போகவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள். மடியில் ஒரு தாளை விரித்துப் பேனாவை எடுத்தாள்.

"இல்லம்மா, அவசரமே இல்ல. முழுசாத் திட்டி முடிச்சுட்டே சொல்லுங்க. நான் எங்க போகப்போறேன்? இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான் இருப்பேன்."